இளநீர் தேர்ந்தெடுத்த டிவி

ஒரு மனிதன் அவமானப்பட ஒரு திரை போதும். நான் ஒரு சுவர் நிறையத் திரைகளில், ஒரே நேரத்தில், மூக்கு நுனி வியர்வைகூட மங்காத துல்லியத்தில் அவமானப்பட்டவன். திருவள்ளூரில் அந்தக் கடையைத் தாண்டும்போது இப்போதும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்கிறேன். (மற்றவர்களுக்கு ஹெல்மெட் தலை காக்கும். எனக்கு அது முகம் காக்கும்.)

எல்லாம் ஒரு டிவி வாங்கப் போனதால் வந்த வினை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு இரும்புத் தகட்டு பாகங்கள் அடித்துக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் ட்ரெய்னியாக இருந்தேன். தகட்டில் முடி அகலத்துக்குக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஓரமாக எடுத்து வைக்க வேண்டும். அந்த மாதத்தோடு ட்ரெய்னிக் காலம் முடிகிறது. நான் பர்மனென்ட் ஆவேனா, அல்லது என்னையே ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்களா என்பது ஷிஃப்ட் இன்சார்ஜ் வேலாயுதம் சாரின் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

வேலாயுதம் சாருக்குப் பிடிக்காதவை தகட்டில் பிசிறும் வாயில் பொய்யும். பிடித்தது பெரியபாளையத்து ஆத்தா. எங்கள் கம்பெனி பஸ் திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாகத்தான் போகும். கோயில் பக்கம் வந்ததும் ஓடுகிற பஸ்ஸிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று கும்பிடுவார். சார் நிற்கிறாரே என்று நாங்களும் எழுந்து நிற்போம். டிரைவர் ஒருவர்தான் அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பார்.

இனி டிவி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய டிவி இருந்தது. பொத்தானை அழுத்தினால் அது உடனே கேட்காது, சற்று யோசிக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேம் பெட்டியை அதில் மாட்டி, கடம்பத்தூரில் இருக்கும் என் நண்பன் தாஸுடன் ஆன்லைனில் கார் ரேஸ் ஆடுவேன். தாஸும் என்னைப் போல ட்ரெய்னி; கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேஜை, பஸ்ஸில் பக்கத்து சீட்டு, ரேஸில் எப்போதும் எனக்கு முன்னால். நான் வலதுபக்கம் திருப்பினால் என் கார் நேராகப் போய் மரத்தில் மோதித் தீப்பிடித்து, அதற்குப் பிறகு சொன்ன பேச்சைத் தட்டாமல் வலதுபக்கம் திரும்பும்.

"எல்லாம் இந்த டிவியால வர்ற வினை மச்சான்" என்பேன்.

"மாத்து மச்சான். அப்பவும் நீ தோப்பே. ஆனா சீக்கிரமா தோத்துட்டு தூங்கப் போலாம்" என்பான் தாஸ்.

என் மனைவி ரேவதிக்கு கேம் என்றால் ஆகாது, படம் என்றால் உயிர். பள்ளிப்பட்டில் அவளுடைய நைனா (அதாவது என் மாமனார்) சனிக்கிழமைதோறும் ஜன்னல்களில் போர்வையைக் கட்டி, கூடத்தையே தியேட்டராக்கிப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு வளர்த்தவர். அப்படி வளர்ந்தவளுக்கு எங்கள் டிவியில் கறுப்பு என்ற நிறமே கிடையாது என்பது பெரிய குறை. இருட்டெல்லாம் சாம்பலாகத்தான் தெரியும். பேய்ப் படத்தில் பேய் வருவதற்கு முன்பே, அது ஒளிந்திருக்கும் மூலை இவளுக்குத் தெரிந்துவிடும்.

ஆக, எனக்கு வேகம் வேண்டும், அவளுக்குக் கறுப்பு வேண்டும். இரண்டும் ஒரே டிவியில் இருந்தால் அதன் விலை எங்கள் வீட்டை விழுங்கிவிடும். மூன்று மாதம் நாங்கள் டிவி பார்ப்பதை விட்டுவிட்டு, டிவிகளைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்தோம். கீரை ஆய்ந்துகொண்டே ரேவதி கேட்பாள்:

"இன்னாங்க, கேம் மோடு போட்டா கலரு செத்துடுதாமே?"

"சினிமா மோடு போட்டா என் காரு செத்துடுதே, அதுக்கு இன்னா சொல்ற?"

"உங்க காரு எந்த மோடுல பொழச்சுது?"

நான் அடுத்த வீடியோவைத் தட்டினேன்.

கடைசியில் கடைக்குப் போய்க் கண்ணால் பார்த்து முடிவு செய்வது என்று ஏற்பாடாயிற்று. கடையில் சுகுமார் என்ற விற்பனையாளர் போனில் சொன்னார்: "சண்டே வராதீங்க சார், நிக்க எடம் இருக்காது. வியாழக்கெழம வாங்க. உங்க கேம் பெட்டியையே எடுத்துகினு வாங்க, மாட்டி ஆடிப் பாத்து எடுத்துக்கலாம்." எனக்குப் புல்லரித்துவிட்டது. எந்தக் கடைக்காரர் இந்தக் காலத்தில் இவ்வளவு இடம் கொடுக்கிறார்?

ஆனால் வியாழக்கிழமை எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஆடிட் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தாஸிடம் கெஞ்சினேன். "வயிறு சரியில்லன்னு சொல்லிடு மச்சான், அது போதும்."

"வுடு மச்சான், நான் பாத்துக்கறேன்" என்றான் தாஸ். (உலகத்தில் நடந்த பாதி அனர்த்தங்கள் இந்த வார்த்தைகளில்தான் தொடங்கியிருக்கும்.)

அன்று காலை பஸ்ஸில் நடந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என்னைப் போல நீங்களும் ஏமாற வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"சார், பிரபுக்கு வயிறு சரியில்ல சார்."

"வயிறுதான? ஓமத்தண்ணி குடிச்சிட்டு செகண்ட் ஷிஃப்டுக்கு வரச் சொல்லு. ஆடிட் வருதுடா."

"ஜொரமும் கீது சார்."

"மாத்திரைய போட்டுகினு வரச் சொல்லு."

"ஒடம்பு பூரா வலி சார்."

"எனக்கும்தான் வலி. நான் வர்ல?"

அந்த நேரம் பார்த்து பஸ் பெரியபாளையத்துக்குள் நுழைந்தது. சார் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தார். பஸ்ஸே எழுந்தது. தாஸும் எழுந்தான். ஜன்னலில் கோபுரம் தெரிந்தது. அவன் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"சார், அம்மை சார்."

கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்த சார், கும்பிட்ட கையோடு தாஸின் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா வந்துகிறாளா?"

"வந்துகிறாங்க சார்."

"எங்க போட்டிருக்குது?"

"மூஞ்சி பூரா சார்" என்றான் தாஸ். என் முகம் அவன் சொத்து பாருங்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் எனக்குக் கிடைத்த மரியாதை, அம்மை போட்டவனுக்கு மட்டுமே கிடைக்கக்கூடியது. என் மேஜையில் வேப்பிலை செருகப்பட்டது. அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பார்கள் இல்லையா, பிரபு நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி என்று சொல்லி சார் கேன்டீன் சாம்பாரிலும் தாளிப்பை நிறுத்திவிட்டார். மொத்த ஷிஃப்டும் எனக்காகக் கடுகில்லாத சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறது. அம்மை விஷயத்தை விட்டுவிட்டு தாஸ் பஸ்ஸிலிருந்தே எனக்கு அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "லீவு ஓகே மச்சான். ரெண்டு வாரம்கூட எடுத்துக்கலாம். என்ஜாய்."

"பாத்தியா? வயித்து வலிக்கு ரெண்டு வாரம்! ஆபீஸ்ல என் மேல அவ்ளோ மதிப்பு" என்று ரேவதியிடம் பீற்றிக்கொண்டேன்.

நாஷ்டா முடித்துவிட்டு, கேம் பெட்டியைப் பையில் குழந்தை மாதிரி சுமந்துகொண்டு கடைக்குள் நுழைந்தோம். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்பது என் கணக்கு. ரேவதியை எனக்கு அப்போது சரியாகத் தெரியாது.

"இந்த மாடல்ல கறுப்புன்னா கறுப்பு மேடம்" என்று சுகுமார் ஆரம்பித்தார்.

"எவ்ளோ கறுப்பு?"

"கரண்ட் போன மாதிரி மேடம்."

ரேவதி அதை நம்பவில்லை. தானே கொண்டுவந்திருந்த படத்தைப் போடச் சொன்னாள். கதாநாயகன் இருட்டில் கிணற்றுக்குள் இறங்கும் காட்சி. நேராக நின்று பார்த்தாள். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தாள். பிறகு கடையின் பளபளக்கும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், சேர் இருக்குது மேடம்" என்று சுகுமார் பதறினார்.

"எங்க ஊட்டுல நாங்க தரையில குந்திதான் சோறு துன்னுகினு படம் பாப்போம். கீழருந்து பாத்தா கலரு மாறக்கூடாது." உட்கார்ந்த இடத்திலிருந்தே நைனாவுக்கு வீடியோ கால் போட்டு, டிவியை அவருக்கும் காட்டினாள். நைனா பள்ளிப்பட்டிலிருந்து, "கிணத்துல தண்ணி தெரியுதாம்மா?" என்று கேட்டார். தெரிந்தால் நல்ல டிவியாம். இப்படி ஒவ்வொரு டிவிக்கும் கிணற்றில் இறங்கி ஏறி, மத்தியானச் சாப்பாட்டு நேரமே கடந்துவிட்டது. சுகுமார் எங்களுக்குக் கடை டீயை வாங்கிக்கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

முடிவில் ரேவதி தேர்ந்தெடுத்தது கரண்ட் போன டிவி. நான் தேர்ந்தெடுத்தது, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கேட்டுவிடுவது போன்ற வேகமான ஒரு டிவி. நடுவில் ஒரு தாழ்வான ஸ்டாண்டில் மூன்றாவதாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. "இது ரெண்டுக்கும் நல்லது சார்" என்று சுகுமார் காலையிலிருந்து அதைக் காட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் இருவரும் மனம் ஒத்து வெறுத்த ஒரே டிவி அது. கறுப்பும் சுமார், வேகமும் சுமார்.

இன்னும் ஒரே ஒரு ரேஸ் ஆடிப் பார்த்துவிடுகிறேன் என்று நான் உட்கார்ந்தேன். அந்த வாரம் அந்தக் கடையில் கேமிங் மேளா. ஆடுகிறவர் முகத்தை ஒரு கேமரா பிடித்து, ரோட்டைப் பார்த்த பெரிய டிவியில் காட்டும். ஜனம் கூடுவதற்காக. நான் ஆடுகிற வெறியைப் பார்த்து சுகுமாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஏதோ ஒரு ஒயரைப் பிடுங்கி ஏதோ ஒன்றில் மாட்டினார். எல்லா டிவிக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் படம் போகும் போலிருக்கிறது. நான் ஆடிக்கொண்டிருந்த டிவியைத் தவிர, கடையின் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை என் முகம் வந்துவிட்டது. சோஃபாவில் என் போன் துடித்துக்கொண்டிருந்தது. தாஸ். விடாமல் அடித்தான். ரேஸில் முதல் தடவையாக நான் முதலிடத்தில் இருக்கிறேன் என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான், கெடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்து போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடம் அந்தக் கடை வாசலிலிருந்து கூப்பிடு தூரம். எனக்குத் தெரியாதா? தினமும் அங்கேதான் ஏறி இறங்குகிறேன். மத்தியானக் கணக்கு சாயங்காலமாக நீண்டதில் மறந்தே போனேன். அன்று அந்த பஸ், வழியில் பெரியபாளையத்தில் எனக்காகவே ஒருமுறை நின்று, ஆத்தாவின் குங்குமத்தையும் ஒரு கட்டு வேப்பிலையையும் ஒரு குலை இளநீரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகலாம் என்று சார் தாஸையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கியவருக்கு நேர் எதிரே, ஆள் உயரத்துக்கு, நான் நாக்கைத் துருத்திக்கொண்டு கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே எனக்கு எதுவும் தெரியாது. சுகுமார் உச்சக் குரலில் ரேவதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"க்ளாரிட்டி பாருங்க மேடம்! சார் மூஞ்சில ஒரு சின்னப் புள்ளி இருந்தாகூடத் தெரியும். எங்கயாவது ஒண்ணு இருக்குதா? எவ்ளோ க்ளீனா இருக்குது பாருங்க!"

"ஆமா. ரொம்ப க்ளீனாகீது" என்றது பின்னால் ஒரு குரல்.

நான் திரும்பவே தேவையிருக்கவில்லை. சுவர் முழுக்க என் முகத்துக்குப் பின்னால், வேப்பிலைக் கட்டோடு இன்னொரு முகம் முளைத்திருந்தது. நான் நடுங்கினேன். எல்லாத் திரைகளிலும் அதே நொடியில் நடுங்கினேன். தாமதமே இல்லை. அந்த வகையில் அங்கிருந்த டிவிகள் எல்லாமே நல்ல டிவிகள்.

சார் வெறுங்காலோடு நின்றிருந்தார். ஒரு கையில் வேப்பிலை, தோளில் கயிறு கட்டிய இளநீர்க் குலை. அவருக்குப் பின்னால் தாஸ். தாஸ் ஆள்காட்டி விரலால் தன் கன்னம், நெற்றி, மூக்கு என்று மாறி மாறித் தொட்டுக் காட்டினான். முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது போலும் என்று நினைத்து நான் நன்றாகத் துடைத்துக்கொண்டேன். தாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒடம்பு எப்படிகீது பிரபு?" என்றார் சார், மிக மெதுவாக.

"இப்பப் பரவால்ல சார். காலைலதான் நாலஞ்சு வாட்டி போச்சு."

"இன்னா போச்சு?"

"வயிறு சார்."

"ஆத்தா வந்தா வயிறு போவுமா?"

"ஆத்தாவா? யாருங்க, உங்கம்மா வந்துகிறாங்களா?" என்றபடி ரேவதி தரையிலிருந்து எழுந்தாள்.

சாரின் கையிலிருந்த வேப்பிலை, தோளிலிருந்த இளநீர், தாஸின் விரல், மூடிய கண். என் மூளையும் எங்கள் பழைய டிவி மாதிரிதான். சற்று யோசித்துவிட்டுத்தான் வேலை செய்யும். விஷயம் புரிந்தபோது கார் ஏற்கெனவே மரத்தில் மோதியிருந்தது. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

"எறங்கிடுச்சு சார்" என்றேன்.

"எது?"

"அம்மை சார். காலைல வந்துது. இப்பதான் எறங்கிச்சு."

சார் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுவரிலிருந்த நான் எல்லாரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தோம்.

"காலைல வந்து சாயங்காலம் எறங்கறதுக்கு ஆத்தா இன்னாடா, ஃபர்ஸ்ட் ஷிஃப்டா பாக்கறா?"

கடையில் யாரோ சிரித்தார்கள். வாசலில் கூடியிருந்த எங்கள் பஸ் ஆட்களும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ரோட்டுப் பக்கத்து டிவியில் அவர்களுக்கு எல்லாம் பெரிதாகவே தெரிந்திருக்கும். என் பர்மனென்ட் வேலை கால் முளைத்துக் கடையை விட்டு வெளியே நடந்துபோவதை நான் கண்ணால் பார்த்தேன். ரேவதி ஒன்றும் புரியாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையாகவே அழுகை வந்துவிட்டது எனக்கு.

"தாயே! புத்திகெட்ட பசங்க. நீதான் மன்னிக்கணும்" என்று சார் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

கையைத் தூக்கினால் தோள் சரியும். தோள் சரிந்தால் குலை சரியும். இளநீர்க் குலை அவர் தோளிலிருந்து வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தது. விழுந்த இடம், தாழ்வான ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்த அந்த 'ரெண்டுக்கும் நல்ல' டிவியின் தலை. டம்மென்று ஒரு சத்தம். டிவி பின்னால் சாய்ந்து சுவரில் முட்டி நின்றது. ஒரு இளநீர் மட்டும் கயிற்றிலிருந்து விடுபட்டு உருண்டு, என் காலடிக்கு வந்து சேர்ந்தது.

சுகுமார் மெல்ல அந்த டிவியை நிமிர்த்தினார். திரை உடையவில்லை. படமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் படத்தில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சில மிளகளவு, சில பட்டாணியளவு.

"உள்ள ஒவ்வொரு லைட்டு மேலயும் சின்ன மூடி இருக்கும் சார். அடிபட்டா கழண்டுடும். அந்த எடமெல்லாம் இப்படிப் பளிச்சுனு தெரியும்" என்றார் சுகுமார், சாவு வீட்டுக் குரலில்.

கேமரா இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே அந்த டிவியிலும் ஓடிக்கொண்டிருந்தது என் முகம்தான். நெற்றியில் இரண்டு, கன்னத்தில் மூன்று, மூக்கின் மேல் ஒன்று, தாடையில் ஒன்று. மூஞ்சி பூரா.

தாஸ் வாய் பிளந்தான். சார் நெடுநேரம் அந்தத் திரையைப் பார்த்தார். பிறகு வேப்பிலையை மார்போடு அணைத்துக்கொண்டு, "போட்டுட்டாடா" என்றார். "பேச்ச காப்பாத்திட்டா பாரு எங்க ஆத்தா."

அப்படியே இரண்டு கொத்து வேப்பிலையை உருவி அந்த டிவியின் தலையில் செருகினார். வாசலில் இருந்த பஸ் கூட்டத்தில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுகுமார்கூட எதற்கு வம்பு என்று ஷூவைக் கழற்றிவிட்டார்.

பக்தி ஒருபுறம் இருக்க, இளநீரைப் போட்டது சார்தான் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சாருக்கும் தெரியும். கடை மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்து சாரின் முகம் வெளுத்துப் போயிற்று. தகட்டில் கீறல் விழுந்தால் எங்களைத் தூக்கிலிடுகிற மனிதர், மேனேஜர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் காட்சி எனக்குத் தாங்கவில்லை. (வேலை பற்றிய பயமும் இருந்தது. முழுத் தியாகி என்று நினைத்துவிடாதீர்கள்.)

"இந்த டிவியத்தான் சார் நாங்க எடுக்கறதா இருந்தோம்" என்றேன்.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது ரெண்டாவது பொய்யா?"

என் சட்டையை விட்டுவிட்டு ரேவதி முன்னால் வந்தாள். காலையிலிருந்து கறுப்பு கறுப்பு என்று கிணற்றுக்குள் இறங்கி ஏறியவள், மூன்று மாதம் கீரை ஆய்ந்துகொண்டே டிவி படித்தவள், ஒரு நிமிடம் தன் கறுப்பு டிவியை ஏக்கமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இல்ல சார், நெஜமாத்தான். இதுதான் எங்க டிவி. ரெண்டுக்கும் நல்லது."

அவளை நான் கல்யாணம் செய்துகொண்ட நாளைவிட அந்த நிமிடத்தில்தான் அதிகமாகக் காதலித்தேன். இன்றுவரை அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கறுப்பு டிவியை வாங்கித் தரச் சொல்வாள்.

பில் போட்டு வெளியே வந்ததும் சார் தீர்ப்பு சொன்னார். "கம்பெனி விஷயத்த நான் அப்பறமா பாத்துக்கறேன். மொதல்ல ஆத்தா விஷயம். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் பெரியபாளையம் வர்றீங்க. வேப்பஞ்சேல கட்டிகினு கோயில சுத்தறீங்க."

"சார், நான் கிறிஸ்டியன் சார்" என்றான் தாஸ்.

"பொய் சொல்றதுக்கு மட்டும் எங்க ஆத்தா பேரு வேணுமா? வா."

தாஸின் அம்மா முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "பொய் சொன்னா தண்டனை உண்டுதான், ஜெபம் பண்ணிட்டு போய் சுத்திட்டு வா" என்று அனுப்பி வைத்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நனைந்த வேட்டிமேல், இடுப்பிலிருந்து கணுக்கால் வரையும் தோளிலும் வேப்பிலை கட்டிக்கொண்டு, நானும் தாஸும் இரண்டு மரங்கள் மாதிரிக் கோயிலைச் சுற்றினோம். வேப்பிலை கட்டினால் குளிர்ச்சி என்பார்கள். இடுப்பில் கடித்த எறும்புகளுக்கு அந்த விஷயம் தெரியாது. சார் கூடவே நடந்துகொண்டு, தரப் பரிசோதனை செய்தார். "தாஸ், ஒனக்கு பின்னால கேப் விழுது பாரு. கட்டு, கட்டு." எங்கள் ஷிஃப்டில் பாதிப் பேர் பைக்கில் வந்திருந்தார்கள். வேண்டுதல் எதுவும் இல்லாமல் வேடிக்கை பார்க்க மட்டுமே வந்த முதல் பக்தர் கூட்டம் அதுவாகத்தான் இருக்கும். ரேவதி எல்லாவற்றையும் வீடியோ எடுத்தாள். சன்னிதி முன்னால் நின்றபோது எனக்கு விளையாட்டுப் புத்தி போய்விட்டது. "தாயே, வேலை போனாலும் பரவாயில்லை, சார் முகத்தில் இனிக் கூசாமல் விழிக்கும்படி செய்" என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் சார் என்னைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு வயிறாவது நெஜமா சரியில்லையாடா?"

"இல்ல சார். அதுவும் பொய்தான்."

"இந்த ஒண்ணையாவது நெஜமா சொன்னியே" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார். மறுவாரம் பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்தது. தாஸுக்கும்தான். கேன்டீன் சாம்பாரில் அன்று இரட்டைத் தாளிப்பு போடச் சொல்லி எங்கள் ஷிஃப்டே கோஷம் போட்டது.

அந்த டிவி இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. அடிபட்டதற்கு வாரன்டி கிடையாதாம். எங்கள் வீட்டில் அமாவாசைக் காட்சியிலும் வானத்தில் ஏழு நட்சத்திரம் உண்டு. கதாநாயகன் கிணற்றுக்குள் இறங்கினால் கிணற்றுக்குள்ளும் உண்டு. ரேவதி அவற்றுக்கு நைனா வீட்டு ஆடுகளின் பெயர்களையே வைத்துவிட்டாள். ரேஸில் எதிரே வரும் காரின் ஹெட்லைட் எது, எங்கள் அம்மைப் புள்ளி எது என்று தெரியாமல் நான் இன்னும் மரத்தில்தான் மோதுகிறேன். முன்பைவிடச் சீக்கிரமாகத் தோற்கிறேன். தாஸ் சொன்னது பலித்தது. ஆடி மாதம் வந்தால் ரேவதி டிவியின் தலையில் தவறாமல் ஒரு கொத்து வேப்பிலை செருகுகிறாள். முதல் தடவை வரும் விருந்தாளிகள் கேட்பார்கள். கேட்டால் முழுக்கதையையும் சொல்லாமல், வீடியோவையும் காட்டாமல் அவர்களை விடமாட்டாள். கம்பெனியில் யார் லீவு கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யாருக்கு முடியல? ஒனக்கா, டிவிக்கா?"

போன கோடையில் எனக்கு உண்மையாகவே அம்மை போட்டது. காய்ச்சலோடு சாருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"வீடியோ கால்ல வா" என்றார்.

வந்தேன். "இரு, டிவில போட்டுப் பாக்கறேன்" என்றார். அவர் இப்போது பெரிய டிவி வாங்கியிருக்கிறார். எங்கள் புண்ணியத்தில் டிவி வேகம், ஹெர்ட்ஸ் எல்லாம் பேசுகிறார். தன் வீட்டுக் கூடத்தில் என் முகத்தை ஆள் உயரத்துக்குப் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தகடு பார்ப்பது போல நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தார். பிறகு திரைக்கு நேராகக் கையைக் கூப்பினார்.

"சரிடா, இந்த வாட்டி ஒனக்குத்தான். எளநி அனுப்பறேன். ஊட்டு கேட்டாண்டயே வெச்சிட்டு வரச் சொல்றேன். குடிக்கறதுன்னா அங்கயே குடி, டிவி பக்கம் மட்டும் எடுத்துகினு போயிடாத."